நெத்தலியும் நியோரியலிசமும்

கெம்பஸில் தெரிவுப் பாடம் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். மற்றப் பாடங்களில் கணக்கு இருந்தது, களப்பயணம் இருந்தது. திரைப்பட இரசனையில் படம் மட்டும்தான். பெயரைக் கொடுத்தேன். செய்தி கல்முனைக்குப் போனதும் வாப்பா கேட்டார்: "டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து ஒரே ராவில மூணு கெசட் பார்த்த நாங்க எல்லாம் அப்ப பேராசிரியர்மாரா மனே?"

முதல் வகுப்பில் 1925இல் வந்த 'பொட்டெம்கின்'. ஒடெஸா படிக்கட்டில் குழந்தை வண்டி உருளும்போது நான் பதறிக்கொண்டிருந்தேன். சேர் விளக்கைப் போட்டு, "எத்தனை ஷொட்?" என்றார். அன்றிலிருந்து படம் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். விடுமுறையில் வீட்டில் கதாநாயகி அழும்போது கெமராக் கோணத்தில் குறை சொன்னதற்கு, ராத்தா என்னைக் குசினிக்கு அனுப்பித் தேங்காய் துருவ வைத்தா.

அசைன்மென்டுக்கு எனக்கு விழுந்தது 'லா தெர்ரா ட்ரேமா'. 1948. மிலானின் பிரபு வீட்டுப் பிள்ளை லுக்கினோ விஸ்கொந்தி, சிசிலியின் ஆச்சி ட்ரெஸா என்ற மீனவக் கிராமத்துக்குப் போய், ஊராரையே நடிக்கவைத்து எடுத்த நியோரியலிசப் படம். அவர்களுடைய பேச்சு இத்தாலிக்காரர்களுக்கே விளங்காது என்று பின்னணிக் குரல் வேறு. நம்மட பேச்சுக்குக் கொழும்பில் முழிப்பவர்களை நினைத்துக்கொண்டேன், ஆறுதலாக இருந்தது.

லெப்டொப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கரைவலைக்குப் போகும் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் 'நீண்ட ஷொட்' என்று குறிப்பெழுத, அவர் வேறொரு படம் பார்த்தார். "மீனைப் புடிக்கிறவன் இவன், விலை சொல்றவன் அவனா?" கதாநாயகன் 'ந்தோனி முதலாளிமாரின் தராசைத் தூக்கிக் கடலில் வீசியபோது கதிரையை விட்டே எழும்பிவிட்டார். பிறகு அவன் வீட்டை ஈடு வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். நெத்தலி அள்ளுகொள்ளையாக வருகிறது, குடும்பமே குந்தியிருந்து உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குகிறது. மாமாவின் முகம் மட்டும் கறுத்துவிட்டது. "வீட்டை ஈடு வெச்சித்தானா? இனிச் சரி."

கறுப்புச் சால்வையைத் தலையில் இழுத்துப் போட்ட பெண்கள் பாறையில் நின்று கடலைப் பார்க்கும் ஷொட், சேர் மூன்று தடவை நிறுத்திக் காட்டியது. தேத்தண்ணி கொண்டுவந்த உம்மாவும் நின்று பார்த்தா. "எவ்வளவு வடிவா முக்காடு போட்டிருக்காளுகள்" என்றுவிட்டு, ராத்தாவின் பக்கம் திரும்பினா.

விடிய வலை இழுக்க வேண்டும் என்று மாமா பாதியில் போய்விட்டார். அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுத்தேன். "நல்ல அவதானிப்பு. ஆதாரம்?" என்று சிவப்பு மையில் வந்தது. மாமா என்று எழுதப் பயந்து, திரைப்பட விமர்சகர் ஆந்திரே பாசினின் பெயரைப் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து மாமாவின் போன். "மருமகன், அந்தப் பொடியன்ட தோணி என்னாச்சு?"

புயலில் உடைந்தது, வீடும் போனது, கடைசியில் அந்த முதலாளிமாரிடமே கூலிக்குப் போகிறான் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அந்த நெத்தலி என்ன விலைக்குப் போனதாம்?"