ஊர் சுற்றினால் பகை தீருமா?

கேள்வி: இளைஞர் கலாசாரப் பரிமாற்றம் என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே, அரசாங்கக் காசில் ஊர் சுற்றுவதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

பதில்: சுற்றட்டுமே! 1870, 1914, 1939 என்று மூன்று முறை பிரான்ஸும் ஜெர்மனியும் மோதிக்கொண்டபோதும் இளைஞர்கள் அரசாங்கச் செலவில்தான் எல்லை தாண்டினார்கள், கையில் துப்பாக்கியோடு.

முதல் உலகப் போரில் வெர்டன் அருகே பிடிபட்டு, ஜெர்மனியில் கைதியாகக் கிடந்தவர் டி கால். அவரே 1962 செப்டம்பரில், பிரான்ஸின் அதிபராக லுட்விக்ஸ்பர்க் நகருக்குப் போய், ஜெர்மன் இளைஞர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார். எவ்வளவு பெரிய மனசு! மறு ஆண்டு ஜனவரியில் அவரும் ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடனாவரும் இரு நாட்டு நட்புக்கான எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜூலையில், இளைஞர் பரிமாற்றத்துக்காகவே இரு நாட்டுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகம் பிறந்தது.

பரிமாற்றத்தில் போகும் பள்ளிப் பிள்ளை பெரும்பாலும் ஓட்டலில் தங்குவதில்லை; தன் வயதுப் பிள்ளை ஒருவரின் வீட்டில்தான் தங்கும். அந்த வீட்டுச் சமையலைச் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வளரும். பிறகு அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வரும். சம்பந்தி வீட்டுப் போக்குவரத்து மாதிரிதான்!

2003-ல் பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர்கள், தங்களுக்குப் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டார்கள். 2006-ல் முதல் புத்தகம் வந்துவிட்டது. விஷயம் ஒன்று, மொழி இரண்டு. அடித்துக்கொண்ட கதையை இரு தரப்பும் ஒரே மாதிரி படிப்பது லேசான காரியமா?

1963 முதல் அந்த இளைஞர் அலுவலகத்தின் மூலம் போய்வந்தவர்கள் 90 லட்சத்துக்கும் மேல். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு வந்தால் தடுக்காமல் அனுப்பிவையுங்கள்.