மயில் உருண்டை மாட்டு உருண்டை ஆன கதை

ரோமாபுரியில் திபேரியஸ் சக்கரவர்த்தி காலத்தில் அபிசியஸ் என்று ஒரு சாப்பாட்டு ராமர் இருந்தார். சொத்தையெல்லாம் தின்றே கரைத்தவர். ஒருநாள் கணக்குப் பார்த்தால் மிச்சம் ஒரு கோடி செஸ்டர்ஸ் நாணயம்தான் தேறியது. ஒரு படைவீரனின் வருஷச் சம்பளமே 900 செஸ்டர்ஸாக இருந்த காலம் அது. ஆனாலும் நம்மவருக்கு இனிமேல் பட்டினிதான் என்று தோன்றிவிட்டது. விஷத்தைக் குடித்துக் கதையை முடித்துக்கொண்டார். இதை எழுதிவைத்தவர் செனகா. தத்துவஞானி பொய் சொல்லமாட்டார் என்று நம்புவோம்.

அபிசியஸ் பேரில் பிற்காலத்தில் தொகுத்த சமையல் புத்தகத்தில் இறைச்சி உருண்டைக்குத் தரவரிசையே போட்டிருக்கிறார்கள். முதல் பரிசு மயிலுக்கு. அப்புறம் ஃபெசன்ட் பறவை, முயல், கோழி என்று இறங்கி, கடைசியில்தான் பால்குடி மறக்காத பன்றிக்குட்டி. முருகப்பெருமான் உலகத்தைச் சுற்றி வந்தபோது ரோம் பக்கம் வண்டியை நிறுத்தாமல் போனது புத்திசாலித்தனம்.

அதே புத்தகத்தில் ஒரு செய்முறை. கொத்திய கறியோடு ஒயினில் ஊறிய வெள்ளை ரொட்டியைச் சேர்த்து அரைக்க வேண்டும். மிளகு போட வேண்டும். மீனை உப்பில் போட்டுப் புளிக்கவைத்து இறக்கிய சாறும் விட வேண்டும். மிளகு எங்கிருந்து போனது? சேர நாட்டு முசிறியில் கப்பலேறியது. ஆகவே இத்தாலி உருண்டையின் காரத்துக்கு ராயல்டி நமக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துச் சேரர்கள் ரொக்கமாகப் பொன் வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

இவ்வளவு தடபுடலிலும் ஒரு முக்கியஸ்தரைக் காணவில்லை. தக்காளி! அது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், கொலம்பஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. 1548இல் பீசா நகரில் டியூக் கோசிமோ மெடிசி வீட்டுக்கு ஒரு கூடை தக்காளி வந்து இறங்கியது. கூடையைத் திறந்த வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆழ்ந்த யோசனையில் நின்றார்கள். யோசனை லேசில் முடியவில்லை. நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் தக்காளி சாஸுக்கு முதன்முதலாகச் செய்முறை அச்சிட்டது 1690களில்! பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டவர்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போட ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்ட கணக்கு. அந்தச் செய்முறையைக்கூட 'ஸ்பானியப் பாணி' என்று ஸ்பெயின் தலையில் கட்டிவிட்டுத்தான் வெளியிட்டார்.

இத்தாலி வீடுகளில் உருண்டை என்பது மிச்சம் மீதியைக் கரைசேர்க்கும் உபாயம். 1891இல் ஃப்ளாரன்ஸில் பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்ற பட்டு வியாபாரி சமையல் புத்தகம் எழுதினார். பதிப்பாளர்கள் கைவிரித்ததால் சொந்தக் காசில் அச்சடித்தார். (இந்த ஒரு விஷயத்தில் ஃப்ளாரன்ஸுக்கும் சென்னைக்கும் வித்தியாசமே இல்லை.) உருண்டை பிடிப்பது கழுதைக்குக்கூடத் தெரிந்த வேலை என்ற ரீதியில் ஆரம்பித்துவிட்டு, வேகவைத்து மிஞ்சிய கறியில் அதைச் செய்யும் விதத்தை விவரமாகச் சொல்லியும் கொடுத்தார். எந்த வாசகரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது.

1880 முதல் 1920 வரை சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள், கறி என்றால் பண்டிகை என்று வாழ்ந்தவர்கள். நியூயார்க்கில் கசாப்புக் கடைக்குள் நுழைந்தவர்களுக்குத் தலை சுற்றியது. கூலிக்காரன் கையிலிருக்கும் காசுக்கே மாட்டுக்கறி கிடைத்தது. கிடைத்தால் விடுவார்களா? ஊரில் நெல்லிக்காய் அளவில் இருந்த உருண்டை இங்கே கைமுட்டி அளவுக்கு ஊதிவிட்டது. சமூக சேவகிகள் வீடு தேடி வந்து பூண்டு, காரம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வேகவைப்பது எல்லாம் ஜீரணத்துக்குக் கெடுதல் என்று உபதேசித்தார்கள். தாய்மார்கள் பணிவாகத் தலையாட்டி வழியனுப்பிவிட்டு, சாஸில் இன்னும் நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் குண்டானில் மிஞ்சியது திங்கட்கிழமை நீள ரொட்டிக்குள் புகுந்து வேலைக்குப் போனது. இப்படிப் பிறந்ததுதான் உருண்டை சாண்ட்விச். ரொட்டிக்குள் உருண்டை, உருண்டைக்குள் ரொட்டி.

அதன்பிறகு இந்த நீள சாண்ட்விச்சுக்குத் தகப்பன் நான்தான் என்று ஊர் ஊராகக் கிளம்பினார்கள். நியூ ஜெர்சியின் பேட்டர்சனில், மியூசியத்தில் வைத்திருந்த பழைய நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் சூட்டிய பெயர்தான் 'சப்மரீன்' என்றார்கள். அதெல்லாம் இல்லை, எங்கள் நீர்மூழ்கிக் கப்பல் தளத்துப் பையன்களால் வந்த பெயர் என்றது கனெக்டிகட். ஃபிலடெல்ஃபியா தன் ரகத்துக்கு 'ஹோகி' என்று பெயர் வைத்துக்கொண்டு, 1992இல் மேயர் கையாலேயே அதை நகரத்தின் அதிகாரபூர்வ சாண்ட்விச்சாக அறிவிக்கவைத்துவிட்டது. உருண்டையும் சும்மா இருக்கவில்லை. 1969இல் அல்கா செல்ட்சர் என்ற ஜீரண மாத்திரையின் விளம்பரத்தில், ஒரு நடிகர் வசனம் சரியாக வராமல் டேக் மேல் டேக் வாங்கி, ஒவ்வொரு டேக்குக்கும் உருண்டையை விழுங்கி வயிற்றைப் பிடித்துக்கொள்வார். சமூக சேவகிகள் பார்த்திருந்தால் அகமகிழ்ந்திருப்பார்கள்.

வீட்டில் செய்வதானால் அபிசியஸின் ரொட்டி வித்தையை விடாதீர்கள். ஒயினுக்குப் பதில் பால் போதும். அரை கிலோ கொத்துக்கறிக்கு இரண்டு துண்டு பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்து மசித்து, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி துருவிய பார்மசான் சீஸ், நசுக்கிய பூண்டு, பார்ஸ்லி, உப்பு, மிளகு சேருங்கள். மாடும் பன்றியும் பாதிப் பாதி என்பது அமெரிக்க இத்தாலியர் வழக்கம். ஆட்டுக்கறி போட்டால் போலீஸ் வராது. ஊறிய ரொட்டி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கறியின் புரதம் ஒன்றோடொன்று இறுகவும் விடாது. அதனால்தான் உருண்டை பஞ்சாக வரும். கோபத்தையெல்லாம் காட்டிப் பிசைந்தால் கிரிக்கெட் ஆடலாம். எண்ணெயில் சுற்றிலும் சிவக்கவிட்டு, தக்காளி சாஸில் அரை மணி நேரம் சிறுதீயில் கிடக்கட்டும்.

நீள ரொட்டியை ஒரு பக்கம் மட்டும் கீறி, உட்புறத்தை மொறுமொறுப்பாக வாட்டுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டால் மூன்றாவது கடியில் ரொட்டி நனைந்து அறுந்து, உருண்டை மடியில் உட்காரும். அடியில் ஒரு அடுக்கு ப்ரோவலோனே சீஸ், அதன்மேல் உருண்டை, கொஞ்சமாக சாஸ், மேலே மொசரெல்லா. சீஸ் உருகிக் கொப்புளிக்கும்வரை ஓவனில் வைத்தால் முடிந்தது.

இத்தாலிக்காரர் யாராவது விருந்துக்கு வந்தால் இதை இத்தாலிச் சாப்பாடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே உருண்டை தனித் தட்டில் வரும். தேராமோ பக்கம் கோலிக்குண்டைவிடச் சின்னதாகப் பிடித்துப் பாஸ்தாவில் போடுவார்கள். அதைக் காட்டி வாதாடப் போனாலும் எடுபடாது. பேசாமல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள், வாயடைத்துவிடும். உங்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள்.