ஐஸ் பெட்டியில் வெந்த சோறு

சென்னையிலிருந்து மின்சார ரயில் வந்து நிற்கும் ஊருக்கு யாராவது கேம்பிங் வருவார்களா? என் மச்சான் வந்தான். காரின் பின்சீட்டை மடக்கி மெத்தை விரித்து, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் எங்கள் வீட்டையும் தாண்டிப் போய், எளாவூர்ப் பக்கம் லாரிகள் ஓய்வெடுக்கும் வேப்பமரத்தடியில் முகாம் போட்டான்.

"வீட்டுல வந்து படுடா" என்றாள் அவன் அக்கா.

"இயற்கையோட இருக்கணும்க்கா" என்றான். கொல்கத்தா நெடுஞ்சாலையில் இயற்கை விடிய விடிய ஹாரன் அடிக்கும். காவலுக்கு நான் அனுப்பப்பட்டேன்.

அவனுடைய பெருமையெல்லாம் ஒரு நீல ஐஸ் பெட்டி. சக்கரம் உண்டு, இழுக்கக் கைப்பிடி உண்டு. விலையை மட்டும் அக்காவிடம் சொல்லக்கூடாதாம். உள்ளே மசாலா தடவிய கோழி, பால், வெண்ணெய், வெயிலில் காய்ந்து வந்த தண்ணீர் பாட்டில்கள்.

ஒரு கிலோ ஐஸ் உருகக் குடிக்கும் வெப்பத்தில், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சுட வைத்துவிடலாம். அவ்வளவு தெம்புள்ள பொருள். 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு, இன்றைய விவேகானந்தர் இல்லத்துக்கு, அமெரிக்க ஏரிப் பனிக்கட்டி மரத்தூளுக்குள் புதைந்து மாதக்கணக்கில் கப்பலேறி வந்தது. மச்சானின் ஐஸ் மாலை வரைகூடத் தாங்கவில்லை. கப்பலில் யாரும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து, "மாமா, ஜில்லுன்னு இருக்கு பாருங்க" என்று காட்டியிருக்க மாட்டார்கள். சூடான பாட்டில்கள் ஐஸின் பாதி உயிரைக் குடித்தன. உருகிய தண்ணீரும் ஐஸ் அளவு குளிர்ச்சிதான். அதையும் 'அழுக்கு' என்று திறந்து விட்டான்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகளுக்குக் கல்யாண வீடு. கோழி அந்த வீட்டுக்குள் போய் வெகுநேரமாகியிருந்தது. பக்கத்தில் நின்ற நாமக்கல் லாரியின் டிரைவர் அண்ணன் மோந்து பார்த்தார். "புதைச்சுருங்க. நாய்க்குப் போட்டாலும் பாவமுங்க."

அவர் சமையல்கட்டு லாரியின் பக்கவாட்டுப் பெட்டி. அரிசி, பருப்பு, வெங்காயம், புளி, மிளகாய்த்தூள், ஒரு குக்கர், ஐந்து கிலோ சிலிண்டர்.

"கெட்டுப்போற சாமானுங்களுக்கு என்னண்ணே பண்ணுவீங்க?"

"வாங்கறதே இல்லீங்க. கறி திங்கோணும்னா அடுப்பு பத்த வெச்சதுக்கப்புறந்தான் வாங்கறது."

கட்டுச்சோறு கட்டிய பாட்டிகள் கட்சி இது. புளியோதரைக்குப் புளியும் நல்லெண்ணெயுமே காவல். தயிர்சாதத்தில் பாலை நிறைய விட்டு ஒரு கரண்டி தயிர்தான் சேர்ப்பார்கள்; வெயில் அதை உறைய வைக்கும், சாப்பாட்டு நேரத்துக்குப் புளிக்காமல் இருக்கும். நாம் வெயிலோடு மல்லுக்கட்டுகிறோம். அவர்கள் வெயிலை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

மச்சானின் கையகல அடுப்போ கடற்காற்றில் சாமியாடியது. காரின் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே சமைக்கலாமா என்றான். "கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு எல்லாம் சேர்ந்து தூங்க வெச்சிடும், எழுப்பாது" என்று தடுத்தேன். டிரைவர் எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகட்டால், டீசல் டேங்க் இல்லாத பக்கமாகத் தன் அடுப்பைச் சுற்றி மறைத்தார். சுடர் அடங்கி நிமிர்ந்தது. அரிசியும் பருப்பும் போட்ட குக்கர் முதல் விசில் கொடுத்ததும் அடுப்பை அணைத்துவிட்டார்.

"வேகலியேண்ணே!"

"மிச்சத்த அதுவே பாத்துக்குமுங்க." கோணிப்பையை எடுத்துக் குக்கரைச் சுற்றினார். பிறகு ஐஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "சும்மாதான கெடக்குது?"

அடியில் ஒரு சாக்கு, மேலே குக்கர், மூடி 'டப்'. மச்சான் முகம் வெளுத்துவிட்டது. பெட்டிக்கு என்ன தெரியும்? வெப்பம் உள்ளே வராமல் தடுக்கத் தெரிந்தால் வெளியே போகாமலும் தடுக்கத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது பருப்புச் சாதம் குழைய வெந்து ஆவி பறந்தது. ஊறுகாயோடு மூன்று தட்டு சாப்பிட்டது யார் என்று சொல்ல மாட்டேன். அவன் அக்கா படிப்பாள்.

இப்போது அந்தப் பெட்டி எங்கள் தெருவில் ஓயாமல் சுற்றுகிறது. வளைகாப்பா, காதுகுத்தா, கடைசிப் பந்திவரை இட்லி சுடச்சுட வேண்டுமா, "அந்த ஹாட் பாக்ஸைக் குடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். மச்சான் மட்டும் ஒவ்வொருவரிடமும் நின்று, அது ஐஸ் பெட்டி என்று விளக்கிக்கொண்டிருக்கிறான்.