துரை போனார், ரூம் சர்வீஸ் வந்தது

நுவரெலியாவுக்குச் சூதாட்ட விடுதி எதற்கு? இங்கே தோட்டம் போட்டதே சூதுதான். கோப்பியில் பணத்தைக் கட்டினார்கள்; 1869இல் இலையில் துருநோய் விழுந்து கட்டிய பணமெல்லாம் போச்சு. மிஞ்சியவர்கள் தேயிலையில் கட்டிக் கெலித்தார்கள். சூது முடிந்து துரைமார் விட்டுப்போன கட்டடம் எதுவானாலும் இந்த மலையில் ஒருநாள் ஹோட்டலாகிவிடும்.

கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் கடைசியில் இங்கே குளிரை அனுபவிக்க ஒரு மாளிகை கட்டினார். 1891இல் அது கிராண்ட் ஹோட்டல் ஆனது.

நடுவே 1848இல் இங்கே குடியேற வந்தார் சாமுவேல் பேக்கர் துரை. கொல்லன், வேட்டைநாய்கள், டர்ஹாம் பசு என்று பாதி இங்கிலாந்தைப் பெயர்த்துக்கொண்டு வந்த மனுஷன். அவருடைய குதிரைக்காரன் பெர்க்ஸ், வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு, நல்லவேளை நான் கூட விழவில்லை என்று துரைக்குக் கடிதம் வேறு போட்டான். உதவிக்கு யானை வந்தது. அதன் நடை அவனுக்குப் பத்தவில்லை. மலையேற்றத்தில் விரட்டு விரட்டென்று விரட்டி அதையும் கொன்றான். பசுவும் வழியிலேயே போய்ச் சேர்ந்தது. மலையகச் சுற்றுலாப் போக்குவரத்தின் தொடக்க காலம் இப்படித்தான்.

1876இல் துரைமாருக்கென்று ஹில் கிளப் வந்தது. சுதந்திரம் கிடைத்துப் பல வருடங்கள் போன பிறகும் உள்ளூர்க்காரருக்கு அங்கத்துவம் கிடையாது. பிறகு மனம் இரங்கினார்கள், டை மட்டும் இரங்கவில்லை. ராச்சாப்பாட்டுக்கு டை இல்லாமல் போனால் கிளப்பே ஒன்றை இரவல் தரும்.

உச்சக்கட்டம் கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோருதான். மூடிக்கிடந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் எய்ட்கன் ஸ்பென்ஸ் கம்பெனி ஹோட்டலாக்கியது. கொழுந்து வாடப்போட்ட மேல்மாடிகளில் இப்போது வெள்ளைக்காரர் தூங்குகிறார்கள். எழுந்ததும் சேலை கட்டி, கூடை மாட்டி, மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறார்கள், காசு கொடுத்து! நிறை குறைந்தால் அரைநாள் சம்பளமென்று அரைப்பேர் போட அங்கே கங்காணி இல்லை. எங்கள் பாட்டிமார் இந்தக் கூத்தைப் பார்த்திருந்தால் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து வாடகைக்கு விட்டிருப்பார்கள்.

2005இல் ஹட்டன் பக்கம் காசல்ரீ, நோர்வுட் துரைப் பங்களாக்களும் 'டீ டிரெயில்ஸ்' ஆயின. காலையில் பங்களாச் சமையற்கார அப்பு கட்டிலடிக்கே தேத்தண்ணி கொண்டுவருவார். ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கில் டாலர். மலையில் கொழுந்தெடுப்பவருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதோ 2021இல், அதுவும் வருடக்கணக்காகக் கத்திய பிறகு.

கவர்னர் வீடு, ஸ்டோரு, பங்களா எல்லாம் முடிந்தது. பாக்கி தொழிலாளர் குடியிருக்கும் லயம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, கதவைத் திறந்தால் மலைக்காட்சி, கூரை ஓட்டை வழியே நட்சத்திரம். நட்சத்திர ஹோட்டலுக்கு வேறென்ன வேண்டும்? கம்பெனிக்காரர் யாருக்காவது ஆசை வந்தால், ஐயா, முதலில் தகரத்தை மாத்துங்கள். உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.