தலைமறைவான கருத்தா: அறிவிப்புப் பலகை ஆங்கிலம் குறித்து ஓர் ஆய்வு

சாலையைத் தோண்டிப் போட்ட இடத்தில் தகரத் தடுப்பு வைப்பார்கள். தடுப்பின் மேல் ஒரு மஞ்சள் பலகை. 'ஒர்க் இன் ப்ராக்ரஸ். இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் ரிகிரெட்டட்.' முதல் வாக்கியம் உண்மையா என்பது பொறியாளர்கள் விசாரிக்க வேண்டிய விஷயம். இவ்வாய்வு அதற்குள் போகவில்லை. இரண்டாம் வாக்கியத்தில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. யாரோ தொந்தரவு கொடுத்திருக்கிறார். யாரோ அதற்காக வருந்துகிறார். இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்பதற்கு வாக்கியத்துக்குள் சாட்சியம் எதுவும் இல்லை. தோண்டியவர் ஒப்பந்தக்காரராகவும், வருந்துபவர் பலகை எழுதிய பெயின்டராகவும் இருக்க இலக்கணம் தாராளமாக இடம் கொடுக்கிறது. நான்கு சொற்களில் இரண்டு பேரைத் தலைமறைவாக்கிய வாக்கியம் வேறு மொழியில் இருந்தால் தெரிவிக்கலாம்.

இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் பாஸிவ் வாய்ஸ் என்றும் நம் இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்றும் பெயர். செயலைச் செய்தவர் கருத்தா. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது கருத்தாவைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். 'ராமா கில்ட் ராவணா' என்பதை மாற்றி எழுதச் சொன்னால் 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா' என்று முடிக்க வேண்டும். 'பை ராமா'வை விட்டால் அரை மதிப்பெண் போய்விடும். அதே பையன் வளர்ந்து ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதலில் கற்றுக்கொள்வது அந்த 'பை'யைக் கழற்றி வைப்பதைத்தான். கோப்பில் ராவணன் கொல்லப்பட்டதோடு வாக்கியம் நின்றுவிடும். யார் கொன்றது என்பதைத் தணிக்கையில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். இலக்கணப் புத்தகத்தில் 'பை ஹூம் வாஸ் தி விண்டோ ப்ரோக்கன்?' என்றும் ஒரு பயிற்சி உண்டு. பள்ளிக்கு வெளியே அந்தக் கேள்வியை யாரும் கேட்டு இவ்வாய்வாளர் பார்த்ததில்லை.

எல்லாச் செயப்பாட்டுவினையும் சூழ்ச்சி அல்ல. திருடன் கைது செய்யப்பட்டான் என்றால் செய்தது போலீஸ் என்பது சொல்லாமலே விளங்கும். இன்னொரு வழக்கைப் பார்த்தால்தான் சற்று நெருடுகிறது. 'ஐ வாஸ் பார்ன் இன் மதுரை' என்பதும் அமைப்பில் செயப்பாட்டுவினைதான். அதில் காணாமல் போன கருத்தா பெற்ற தாய். தமிழில் 'பிறந்தேன்' என்கிறோம். அங்கே முழுப் பெருமையையும் குழந்தையே எடுத்துக்கொண்டுவிடுகிறது. அம்மாவுக்கு இரண்டு மொழியிலும் இடமில்லை.

செயப்பாட்டுவினையின் பரம எதிரி என்று பெயர் வாங்கியவர் பீகார் மாநிலம் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல். அரசியலும் ஆங்கிலமும் பற்றி 1946இல் எழுதிய கட்டுரையில், செய்வினை வரும் இடத்தில் செயப்பாட்டுவினையைப் போடவே கூடாது என்று விதி வகுத்தார். அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918லேயே ஏறத்தாழ இதைச் சொல்லிவிட்டார் என்பது வேறு விஷயம். ஆர்வெலின் கட்டுரையைப் புரட்டினால் செயப்பாட்டுவினை பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கிறது. செயப்பாட்டுவினையை எல்லோரும் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொள்ளும் அந்த வாக்கியமே செயப்பாட்டுவினையில்தான் இருக்கிறது. மதுவிலக்குக் கூட்டத்தில் பேச வந்தவரின் சட்டைப்பையில் குப்பி தெரிந்த கதை.

இங்கிலாந்தில் இந்த வகைப் பலகையின் மூதாதை ஒன்று இருக்கிறது: 'ட்ரெஸ்பாசர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட்.' அத்துமீறி நுழைவோர் மீது குற்ற வழக்கு தொடரப்படும். தொடரப்போவது யார்? பலகை சொல்லாது. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்நாட்டுச் சட்டப்படி வெறுமனே அடுத்தவர் நிலத்தில் நுழைவது பெரும்பாலும் சிவில் விவகாரம்தான், குற்றமே இல்லை. எனவே கருத்தாவை மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டுவதற்கில்லை. அப்படி ஒருவர் இருந்தால்தானே மறைப்பதற்கு! ஏ. ஏ. மில்ன் 1926இல் வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தில் இந்தப் பலகை பாதியில் உடைந்து 'ட்ரெஸ்பாசர்ஸ் டபிள்யூ' என்று மட்டும் மிஞ்சியிருக்கும். அது தன் தாத்தாவின் பெயர், ட்ரெஸ்பாசர்ஸ் வில்லியம் என்பதன் சுருக்கம் என்று அந்தப் புத்தகத்தில் வரும் பன்றிக்குட்டி சாதிக்கும். கருத்தா இல்லாத வாக்கியத்துக்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரே அறிஞர் அந்தப் பன்றிக்குட்டிதான்.

ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டிக்கொண்ட அதிபர் ரொனால்டு ரீகன் 1987 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது, கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்றார். தவறு இருக்கிறது, கடுமை இருக்கிறது, ஆள் இல்லை. அரசியல் விமர்சகர் ஒருவர் இதற்கென்றே கிண்டலாக ஒரு புதிய காலப் பெயர் வைத்தார். தமிழில் அதை விடுதலை இறந்தகாலம் என்று சொல்லலாம்.

நம் ஊர்த் தரவுகள் இன்னும் வளமானவை. ஜவுளிக்கடை ரசீதின் அடியில் 'குட்ஸ் ஒன்ஸ் சோல்டு வில் நாட் பி டேக்கன் பேக்' என்று பொடி எழுத்தில் இருக்கும். முதலாளி, மேனேஜர், கவுன்ட்டரில் நிற்கும் பையன் மூவரும் அந்த வாக்கியத்தைக் காட்டித் தப்பிக்கலாம். மூவரில் யாரும் மறுக்கவில்லை, பொருள்தான் திரும்பப் பெறப்படவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிகமுறை என்கிறது. ரசீதில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் அவகாசம். சட்டத்தால் அந்த வாக்கியத்தைத் தண்டிக்க முடியாது. ஆகவே அது ரசீதில் சௌக்கியமாக இருக்கிறது.

அரசுக் கடிதம் இதற்கு ஒரு படி மேல். 'ஐ ஆம் டைரக்டட் டு' என்று ஆரம்பிக்கும், தமிழில் 'பணிக்கப்பட்டுள்ளேன்'. இங்கே 'நான்' வந்துவிட்டதே என்று வாசகர் மகிழக் கூடாது. அந்த 'நான்' வெறும் தபால்காரர். உத்தரவிட்டவர் வேறு, அவர் வரமாட்டார். எழுதியவரும் இல்லாமல் எழுதச் சொன்னவரும் இல்லாமல் ஒரு கடிதம் கையெழுத்தோடு வீடு வந்து சேர்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பழக்கம், தமிழ் வெளிப்படையான மொழி, 'வருந்துகிறோம்' என்றால் வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு சாரார் வாதிடக்கூடும். அவர்கள் சமையலறைப் பக்கம் போனதில்லை. 'டம்ளர் என்னால் உடைக்கப்பட்டது' என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. 'டம்ளர் உடைஞ்சிடுச்சு.' பால் பொங்கிடுச்சு. சாவி தொலைஞ்சிடுச்சு. சம்பளம் செலவாயிடுச்சு. ஆங்கிலம் ஆளை மறைப்பதோடு விட்டுவிடுகிறது; தமிழ் பழியையும் டம்ளர் தலையில் கட்டிவிடுகிறது. இதற்குப் பழைய அனுமதியும் உண்டு. செயப்படுபொருளையே செய்தவர் போல வைத்துப் பேசுவது வழக்குத்தான் என்று தொல்காப்பியத்தின் வினையியல் ஒத்துக்கொள்கிறது, நன்னூலும் ஆமாம் போடுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது. இடுப்பொடியக் குனிந்து சாணி மெழுகிய பெண்ணைப் பற்றி உரையில் ஒரு பேச்சும் இல்லை. டம்ளர் உடைவது வேறு, திண்ணை மெழுகுவது வேறு, இரண்டையும் ஒரே கட்டில் சேர்க்கலாமா என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். அவர்களின் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.

பரிந்துரை ஒன்றுதான்: பலகை எழுதும்போது கருத்தாவையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். இதற்குக் களச் சான்று இவ்வாய்வாளரின் தெருவிலேயே உண்டு. ஒரு வாசலில் 'இங்கு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்று வெகுகாலமாக எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழேயே வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு டயரிலும் காற்று இறங்கவில்லை. பிறகு யாரோ ஒரு வாண்டு சாக்பீஸை எடுத்து அடியில் 'மாடி வீட்டுத் தாத்தாவால்' என்று சேர்த்துவிட்டது. தாத்தாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. ஆனாலும் அந்த வாசலில் இப்போது ஒரு சைக்கிள்கூட நிற்பதில்லை.