எனக்கென்ன மாப்ள, உன் வண்டி!

வாங்கு மாப்ள, ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேனே வாங்கு. ஆரு வேண்டாம்னா? செல்லுல வீடியோ பார்த்து முடிவு பண்ணிப்போட்டு, அப்பறமா வந்து "மாமா, நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேக்கறியே, அதுவே பெரிய மரியாதை. பொண்ணு பார்க்கப் போனப்பக்கூட நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கறேன். இந்த 207 பாரவண்டி உனக்கு எதுக்கு? சாயங்காலம் சத்தி பஸ் ஸ்டாண்டைச் சுத்தி வர்றதுக்கா, இல்லை உர மூட்டை ஏத்திக்கிட்டுப் பண்ணாரியில இருந்து திம்பம் மலை ஏறறதுக்கா? சுத்தி வர்றதுக்குன்னா எந்திரிச்சுப் போ, எந்த ஃபேனும் ஆகும். திம்பத்துக்குன்னா உக்காரு. டீ சொல்லு. காசு நான் குடுப்பேன்னு மட்டும் நெனச்சுக்காதே.

27 கொண்டை ஊசி வளைவு. பாரத்தோட ஏறறப்ப ரெண்டாவது கியர், சில வளைவுல ஒண்ணாவதுக்கே இறங்கோணும். எஞ்சின் கத்தும், வண்டி 15ஐத் தாண்டாது. போதாததுக்கு 2022ல இருந்து ராத்திரி ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு வேற, பகல் வெயில்லதான் ஏறணும். சமவெளி ரோட்டுல 60ல போறப்ப ரேடியேட்டருக்கு எதிர்க்காத்தே பெரும்பாலும் போதும், ஃபேன் சும்மா கூட வர்ற சொந்தக்காரன்தான். மலையில அந்தக் காத்து கிடையாது. சூடு அதிகம், வேகம் கம்மி. அந்த நேரம் பெல்ட்டுல ஓடற ஃபேன் எஞ்சினோடயே வேகமாச் சுத்தும், நல்லா இழுக்கும். உன் எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் என்ன பாடுபட்டாலும் தன் வேகத்துக்குத்தான் சுத்தும்.

நியாயமாப் பேசணும்னா, காராப்பள்ளத்துல ஆனை வந்து கரும்பு லாரியை மறிச்சு நிக்குதுன்னு வை, நீ பின்னாடி ஐடில்ல நிக்கறே. அங்க பெல்ட் ஃபேன் மெதுவாச் சுத்தும், எலக்ட்ரிக் முழு வேகத்துல நிக்கும். அந்த இடத்துல ஜெயிக்கறது நீதான். ஆனையை வேணா மாசச் சம்பளத்துக்குப் பேசிப் பாரு.

அப்பறம் கரண்ட். பாரவண்டி ரேடியேட்டருக்குத் தக்கன பெரிய ஃபேன் 25, 30 ஆம்பியர் கேக்கும், சுத்த ஆரம்பிக்கிற நொடியில அதுக்கும் மேல. பழைய வண்டி டைனமோ மொத்தமாக் குடுக்கறதே 40 சுத்தின்னு வை. ஹெட்லைட்டு ரெண்டுக்கும் 10 போகும். வைப்பர், டேப், நீ கண்ணாடியைச் சுத்தி ஒட்டின கலர் பல்பு, எல்லாத்துக்கும் பங்கு பிரிச்சுப் பாரு, பேட்டரிக்கு ஒண்ணும் மிஞ்சாது. செய்யறதுன்னா பெரிய டைனமோ, தடிமனான வயர், ரிலே, தனி ஃபியூஸ், சூடு 95க்கு வந்தா தானாப் போட்டு 88 பக்கம் வந்தா அணைக்கிற சுவிட்ச், இத்தனையும் சேர்த்துச் செய். "வேண்டாம் மாமா, டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு நானே போட்டுக்குவேன்"னு சொல்லாதே. இண்டிகேட்டர் போட்டுட்டுத் தாளவாடி வரைக்கும் அணைக்காமப் போறவன் நீ.

எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டலாம்னு அதை விக்கற கடைக்காரர் சொன்னாராமே? மாட்டினா ஓடற காத்தையும் அதுவே மறைச்சுக்கும். பின்னாடி நின்னு இழுக்கறதுதான் நல்லது. பிளாஸ்டிக் டையைக் கோருக்குள்ள விட்டுக் கட்டிக் குடுத்தார்னா, அது ஆடி ஆடித் தகடைத் தேய்ச்சு ட்யூபை ஓட்டையாக்கும். அவரே அடுத்த மாசம் ரேடியேட்டரும் விப்பார். நல்ல மனுசன், தொழில் தெரிஞ்சவர்.

இப்ப உன் வண்டியில இருக்கறதைப் பாரு. அது விஸ்கஸ் ஃபேன். நடுவுல உருளையா இருக்கே, அதுக்குள்ள சிலிக்கோன் ஆயில் இருக்கு. முன்னாடி சுருள் ஸ்பிரிங் தெரியுதா? ரேடியேட்டர்ல இருந்து வர்ற காத்து சூடானா அந்தச் சுருள் திரும்பி வால்வைத் திறக்கும், ஆயில் உள்ள பாய்ஞ்சு ஃபேனைப் பிடிச்சுக்கும். சூடு இல்லைன்னா விட்டுடும், அப்ப ஃபேன் வேலை கம்மி, டீசலும் மிச்சம். வண்டியை அணைச்சுட்டுக் கையால தட்டிப் பாரு. நல்ல விஸ்கஸ்னா கொஞ்சம் பிடிச்சுச் சட்டுனு நிக்கும். உன்னோடது சும்மா சுத்திக்கிட்டே இருக்கு, உருளையைச் சுத்தி கருப்பா ஆயில் கசிஞ்சு புழுதி ஒட்டியிருக்கு. அது செத்து எத்தனை நாளாச்சோ, நீ எண்ணெய் போட்டிருக்குன்னு நெனச்சுட்டிருக்கே.

அந்த விஸ்கஸைப் போல்ட் முறுக்கி லாக் பண்ணிடலாம், செலவே இல்லைன்னு பட்டறைக்காரர் சொல்லுவார். அப்படிப் பண்ணினா எந்நேரமும் கத்திக்கிட்டே சுத்தும். ஃபேன் ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தினா எட்டு மடங்கு சக்தி தின்னும்னு கணக்கு. சமவெளியில தேவையே இல்லாத இடத்துல உன் டீசலைத் தின்னுட்டு, வாட்டர் பம்ப் பேரிங்கையும் ஒரு கை பார்க்கும். அவசரத்துக்கு வீடு வந்து சேர ஆகும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட ஒரு கூத்து இருக்கு. ஃபேனைச் சுத்தி இருந்த கூடு, அந்த ஷ்ரவுட் எங்க? முந்தின ஓனர் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாராமா? வரப்பு இல்லாத வயலுக்குத் தண்ணி கட்டின கதைதான். ஃபேன் தன் வட்டத்துக்கு எதிர்ல இருக்கற இடத்துல மட்டும் கொஞ்சம் இழுக்கும், சூடான காத்தையே ஓரத்துல சுத்தி வாங்கி மறுபடி அடிக்கும், ரேடியேட்டரோட நாலு மூலையும் சும்மா கிடக்கும். முதல்ல பழைய ஸ்பேர்ஸ் கடையில ஷ்ரவுட் தேடு. ஃபேன் இலையில பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ள, பாதி வெளிய நிக்கணும், சுத்தி ஒரு இஞ்சுக்குள்ள இடைவெளி போதும்.

அதுக்கும் முன்னாடி ரேடியேட்டர் தகட்டுக்குள்ள எட்டிப் பாரு. வைக்கோல், பூச்சி, நம்ம தோட்டத்து எள்ளுச் சருகு, ஒரு கிலோ தேறும். எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிய பார்த்து மெதுவாத் தண்ணி அடி. ரேடியேட்டர் மூடி ரப்பர் வெடிச்சிருந்தா மூடியை மாத்து. அழுத்தம் நின்னாத்தான் தண்ணி 100ல கொதிக்காமக் கொஞ்சம் மேல வரைக்கும் தாங்கும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சவனுங்க பேச்சை மட்டும் கேக்காதே, அவனுங்களும் வண்டியை நிறுத்தித் தண்ணி ஊத்திட்டுதான் இருக்கானுங்க.

இவ்வளவும் பண்ணிப் புது விஸ்கஸ் மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரம் உர்ருனு கத்தும், அப்பறம் அடங்கிடும். அதுக்குப் பயந்து எனக்குப் போன் போடாதே, மதியம் நான் தூங்குவேன். பெல்ட்டையும் புதுசாப் போட்டுட்டுப் பழசைச் சீட்டுக்கடியில வை. திம்பம் மேல போய் ஹீட் மீட்டர் முள்ளு நடுவுல நின்னா, கடையில எல்லார் முன்னாடியும் நீயே கண்டுபிடிச்ச வித்தைன்னு சொல்லிக்க. இந்த டீக்கு மட்டும் காசைக் குடுத்துட்டுப் போ.