திட்டுங்க சார்!

வாலிபால் கோச்சுக்கு வேண்டிய முதல் தகுதி தொண்டை. எங்கள் கோச்சிடம் அது தேவைக்கு மேலேயே இருந்தது. பெங்களூரு அல்சூர்த் தமிழர், பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் அணிக்கு ஆடி ஓய்வு பெற்றவர். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் சூடேறி, ஆங்கிலத்தில் முடியும் அவருடைய வசவு. அதைக் கேட்டுத்தான் மைதானத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் எழுந்து பால் காய்ச்சுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

எங்கள் அணியில் பாதிப் பேர் மென்பொருள் கம்பெனிக்காரர்கள். தொண்டையால் தீராதது ஆப்பால் தீரும் என்று நம்புகிற சாதி. ஒரு டேப்லெட், ஒரு ட்ரைபாட், ஒரு தாமத வீடியோ ஆப் மைதானத்துக்கு வந்து சேர்ந்தன. விஷயம் எளிது. கேமரா பார்ப்பதைத் திரை இருபது நொடி கழித்துக் காட்டும். ஸ்மாஷ் அடித்துவிட்டு ஓடி வந்து நின்றால், சற்றுமுன் எப்படிக் குதித்தோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பட்டனையும் தொட வேண்டாம். முழங்கால் தேய்ந்து வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு டேப்லெட் இலாகா ஒதுக்கப்பட்டது. திரையில் வெயில் அடிக்காமல் குடை பிடிப்பதுதான் அந்த இலாகாவின் முழுப் பொறுப்பு.

முதல் சில வாரங்கள் யாரும் வாலிபாலைப் பார்க்கவில்லை; தங்களைத்தான் பார்த்தார்கள். "அண்ணா, எனக்கு இவ்வளவு தொப்பையா?" என்றான் ஒருவன். இன்னொருவன் தன் பின்மண்டையில் வழுக்கை விழுந்திருப்பதை முதன்முதலாகக் கண்டு, பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மிடில் பிளாக்கர் ஒருவர், பிளாக் போடும்போது தன் முழங்கை நெட்டுக்கு மேலே இருக்கும் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர். ஆண்கள் நெட்டின் உயரம் 2.43 மீட்டர். அவருடைய விரல் நுனிகள் மட்டுமே அதற்கு மேல் தலைகாட்டின. "கேமரா கீழ இருக்கு, அதான்" என்றார். கேமராவை ஏணி மேல் ஏற்றினோம். விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு விசாரணைப் படலம். ஸ்மாஷ் நெட்டில் விழுந்தால், ஆபீஸ் பழக்கத்தில் மூல காரணம் தேடினார்கள். அடித்தவன் செட்டரைக் கைகாட்டினான். செட்டர், தனக்கு வந்த பாஸைக் காட்டினான். பாஸ் கொடுத்தவன் சர்வீஸைக் காட்டினான். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் படம் படமாக நகர்த்திப் பார்த்து, எதிர்ப்பக்கம் நின்ற எங்கள் பையனே நன்றாக சர்வீஸ் போட்டதுதான் குற்றம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அவனும் சாரி கேட்டான்.

"ஜிம்மி ஜார்ஜ் எந்த ஆப்பைப் பார்த்துடா எகிறினாரு?" என்பார் கோச். அந்தக் கால இந்திய வாலிபால் நட்சத்திரத்தை முன்னிறுத்திய, பதில் இல்லாத கேள்வி. ஆனாலும் பையன்கள் விடவில்லை. ஜிம்மி ஜார்ஜ் ஆடப்போன அதே இத்தாலியிலிருந்து வந்ததுதான் டேட்டா வாலி என்ற மென்பொருள். பந்தின் ஒவ்வொரு தொடுதலையும் குறியீடாக ஏற்றி வீடியோவோடு கோத்துவிடும் என்றார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அமெரிக்கப் பெண்கள் அணியை அதன் கோச் ஆரி செலிங்கர் தயார்செய்த காலத்திலேயே, கிடியன் ஏரியல் என்பவர் அவர்களுடைய அசைவுகளைப் படமெடுத்துக் கணினியில் அலசியதைச் சொன்னார்கள். கோச் அசையவில்லை.

2023 டிசம்பரில் கோரமங்கலா உள்விளையாட்டரங்கில் உலக கிளப் சாம்பியன்ஷிப் நடந்தபோது அவரையும் இழுத்துக்கொண்டு போனோம். இத்தாலியின் பெருஜா, பிரேசிலின் மினாஸை வென்று கோப்பையைத் தூக்கியது. எங்கள் பையன்கள் கோர்ட்டைச் சுற்றியிருந்த லேப்டாப்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கோச் வார்ம்-அப்பைத் தவிர வேறெதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்த மனிதர் திட்டுவதை நிறுத்திவிட்டார். அடித்தவன் திரைக்கு ஓடி வந்தால், பக்கத்தில் வந்து கைகட்டி நிற்பார்.

"என்ன தெரியுது?"

"சீக்கிரமா ஓடிட்டேன் சார். பந்துக்கு அடியில போயிட்டேன்."

"அப்புறம்?"

"முழங்கை இறங்கிடுச்சு."

"அப்புறம்?"

இந்த 'அப்புறம்'தான் ஆளைக் கொன்றது. கோச் இத்தனை வருடத்தில் கண்டுபிடிக்காத தப்புகளையெல்லாம் அவனவன் தானே தோண்டியெடுத்து ஒப்படைத்தான். திட்டு வாங்கினால் கோச் மேல் கோபப்படலாம். டீக்கடையில் நின்று அவரைப் போலப் பேசிக் காட்டி ஆற்றிக்கொள்ளலாம். இங்கே கோபப்பட ஆளே இல்லை. ஒருநாள் செட்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்: "சார், பழையபடி திட்டுங்க சார்!"

அணி நிதியில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கூட்டம் போட்டோம். இரண்டாவது கேமரா என்றார் ஒருவர். குதிக்கும் உயரத்தைத் தானே அளந்து சொல்லும் செயற்கை நுண்ணறிவு என்றார் இன்னொருவர். கடைசியாக கோச் கேட்டார்: "ஒருத்தன் அடிச்சு, ஓடி வந்து பார்த்து, மறுபடி அடிக்க எவ்வளவு நேரம் ஆகுது?"

கணக்குப் பார்த்தோம். இருப்பது இரண்டு பந்து. ஒன்று சாக்கடைப் பக்கம் போயிருக்கும், இன்னொன்றுக்கு வரிசை. முறை வருவதற்குள் பார்த்தது பாதி மறந்திருக்கும்.

"அவன் முறை வரும்போது பழைய கையைத்தான் வீசுவான். பெருஜாக்காரன் வார்ம்-அப்ல தள்ளுவண்டி நிறையப் பந்து வெச்சிருந்தானே, அதை யாராவது பார்த்தீங்களாடா?"

யாரும் பார்க்கவில்லை. பணம் முழுவதற்கும் பந்து வாங்கினோம். இப்போதெல்லாம் ஒரு தப்பைப் பார்த்த சூட்டோடு அடுத்த தப்பைச் செய்ய முடிகிறது. குறைந்தபட்சம், அது வேறு தப்பாக இருக்கிறது.